சிமெண்டு அண்ணனும் கோட்டோரத்துப் பந்தும்

பேராக் மாநிலத்தில் நடந்த பூப்பந்து ஆட்டங்களைச் சிமெண்டு அண்ணனைவிட அதிகமாகப் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. அவரைவிட மோசமான இடத்திலிருந்து பார்த்தவரும் இருக்க முடியாது. நாற்காலி போட்டுக் கொடுத்தால் உட்கார மாட்டார். மாடத்தில் இடம் பிடித்து வைத்தால் ஏற மாட்டார். மண்டபத்தின் வெறுந்தரையில், கோட்டுக்குப் பின்னால், வயிறு பதியக் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் காமிராவில் ஒட்டவைத்தபடி உலகத்தைப் பார்த்தவர் அவர். பின்னாளில் அந்தச் சிமெண்டுத் தரைமேல் பச்சை ரப்பர் விரிப்புப் போட்டார்கள். பெயர் மட்டும் சிமெண்டிலேயே நின்றுவிட்டது. அம்மா அப்பா அவருக்கு வைத்த பெயரை நான் முதன்முதலாகப் படித்தது பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில்தான்.

நான் வாரநாளில் அரசாங்கக் குமாஸ்தா. சனி ஞாயிறில் பூப்பந்து நடுவர். இரண்டு வேலையிலும் ஜனங்கள் என்னைத் திட்டுவார்கள். சனி ஞாயிறில் சத்தமாகத் திட்டுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைக்குக் கீழே இருக்கிறது எங்கள் மண்டபம். அங்கே வலையோரம் உயரமான நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். தரையில் அவர் கிடப்பார். பத்து வருஷத்துக்கு மேல் அந்த உயரத்திலிருந்து நானும் அந்தப் பள்ளத்திலிருந்து அவரும் சண்டை போட்டோம்.

“அண்ணே, கால மடக்குங்க. கோட்டுக்கிட்ட வந்துருச்சு.”

“மடக்குனா முட்டி உசந்துரும் தங்கச்சி. முட்டி உசந்தா ஒடம்பு உசரும். ஆங்கிள் போச்சு.”

“ஒங்க ஆங்கிளுக்காக நான் கேம நிறுத்த முடியாது லா.”

“ஒன்ன யாரு நிறுத்தச் சொன்னா? ஆடுற புள்ளைங்கள கொஞ்சம் இந்தப் பக்கமா ஆடச் சொல்லு.”

மண்டபத்தைத் துடைக்கும் இந்தோனேசியப் பெண் தினமும் அவரைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவார். ஒருநாள் அவசரத்தில் அண்ணனின் இரண்டு கால்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். அண்ணன் அசையவில்லை. அந்த நேரம் ஒரு பையன் எம்பி அடிக்கப் போகிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கால் ஈரமானால் காய்ந்துவிடும், பையன் மறுபடி அதே மாதிரி எம்ப மாட்டான் என்று பிறகு விளக்கம் வேறு கொடுத்தார்.

பிழைப்புக்கு அவர் வைத்திருந்தது பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை. வாரம் முழுக்க ஆட்களை ஸ்டூலில் உட்காரவைத்து, காது இரண்டும் தெரிய, வெள்ளைத் திரைக்கு முன்னால் நேருக்கு நேர் பிடிப்பார். அந்த வெறுப்பெல்லாம் சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்துதான் தணியும். “நேரா நின்னு எடுக்குறது ஜெயிலுக்குப் போறவனுக்கும் ஊர விட்டுப் போறவனுக்கும்” என்பார். “ஆடுறவன கீழருந்து எடுக்கணும். நீ நின்னுக்கிட்டு எடுத்தா ஆறடி ஆளும் அமுங்கிப் போவான். படுத்து எடு, குள்ளன்கூட மலையில கால் வச்ச மாதிரி நிப்பான்.” நான் ஐந்தடிக்கும் கீழே. இதைச் சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

படத்தின் பின்னணி அவருக்கு ஒரு தீராத வியாதி. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி, குப்பைத் தொட்டியை நகர்த்துவார், தண்ணீர்ப் போத்தல்களை ஒளிப்பார், வெளியேறும் வழி என்று பச்சையாக எரியும் விளக்குப் பலகைமேல் தன் துண்டைப் போர்த்துவார். “தீப்புடிச்சா வழி தெரியாம எல்லாரும் சாக வேண்டியதுதான்” என்று நான் கத்தினேன். “புகையில படம் நல்லா வரும்” என்றார். ஒருமுறை போட்டியை நடத்தும் குழுவின் தலைவர், அரசாங்கப் பட்டம் வாங்கிய ஒரு டத்தோ, பெரிய பெரிய பூப்போட்ட பாத்தேக் சட்டையில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அண்ணன் தரையிலிருந்தபடியே தலையைத் தூக்கினார்.

“டத்தோ, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி ஒக்காருங்க. ஒங்க சட்ட பந்த முழுங்குது.”

டத்தோவை ஊரில் யாரும் தள்ளி உட்காரச் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் புள்ளி எண்ணுவதைப்போலக் கூரையைப் பார்த்தேன். கடைசியில் டத்தோ தள்ளித்தான் உட்கார்ந்தார்.

ஃபிளாஷ் போடக் கூடாது, அது ஆடுகிறவர்களின் கண்ணைக் கூசவைக்கும் என்பது விதி. மண்டபத்து விளக்குகளோ பாதி எரியும், பாதி சிமிட்டும். அந்த அரையிருட்டில் பாயும் பந்தைப் பிடிக்க வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும் பெரிய லென்ஸ் வேண்டும். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஓட்டிப்போக ஒரு காடி வாங்கவில்லை, அந்த லென்ஸைத்தான் வாங்கினார். அதைச் சோற்றுப்பானைப் பெட்டிக்குள் பழைய கைலியில் சுற்றிவைத்து மோட்டோவில் கொண்டுவருவார். திருடன் பார்த்தால் சோற்றுப்பானை என்று விட்டுவிடுவானாம். ஒரு திருடன் சோற்றுப்பானை என்று நினைத்தே தூக்கிக்கொண்டு போனதும், நாலு தெரு தள்ளித் திறந்து பார்த்து வெறுத்துப்போய்ச் சாலையோரம் வைத்துவிட்டுப் போனதும் தனிக்கதை.

கல்யாணங்களுக்கு யாரும் அவரை இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை. தாலி கட்டும் நேரத்தில் மணவறைக்குக் கீழே படுத்து, மாப்பிள்ளையின் மூக்குத் துவாரங்கள் இரண்டையும் அழகாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். சாவு வீட்டுக்கு ஒரே முறை கூப்பிட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் படுத்துக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா கண்ணாடி போடாமல் உள்ளே நுழைந்து, பெட்டியில் ஒருத்தரும் தரையில் ஒருத்தரும் கிடப்பதைப் பார்த்து, “ஐயோ, ரெண்டு பேருமா!” என்று மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தார். “ஒருத்தர்தான் பெரியம்மா, நான் படம் எடுக்குறவன்” என்று அண்ணன் படுத்தபடியே பதில் சொல்ல, பெரியம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது.

இதுவரைக்கும் சிரித்தாயிற்று. இனிமேல் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

அண்ணனுக்கு ஒரே தங்கை, கமலா. ஈப்போவுக்கு வெளியே கித்தாப் பால் வெட்டும் ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் பிறந்தவர்கள் இரண்டு பேரும். தோட்டம் வீட்டுமனையானதும் இங்கே அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தார்கள். வேறு வேறு மாடிக் கட்டடம், ஒரே நாற்றம். கமலாவின் புருஷன் மோட்டோவில் வேலைக்குப் போனவர் லாரிக்கு அடியில் போய்விட்டார். கமலா ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்து மகள் தர்ஷினியை வளர்த்தாள். தர்ஷினிக்கு மட்டையைக் கையில் கொடுத்தது மாமன்தான். அவள் நன்றாக ஆடினாள். பதினாறு வயதில் அவளோடு ஆட எங்கள் மண்டபத்தில் ஆள் இல்லை.

அந்த வருஷம் ஒரு தேர்வுப் போட்டி வந்தது. பெண்களில் முதலாவதாக வருகிறவளுக்குக் கோலாலம்பூரில் விளையாட்டுப் பள்ளியில் இடம். தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே ஓர் இடம். கமலா அதைப் பற்றிப் பேசும்போது விளையாட்டைப் பற்றிப் பேசுவதாகவே தெரியாது. “இந்த மாடிய விட்டு அது போயிரணும் டீச்சர்” என்பாள் என்னிடம். நான் டீச்சர் இல்லை. உயர நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி சொல்கிற எல்லோரும் அவளுக்கு டீச்சர்தான்.

இறுதி ஆட்டத்தில் தர்ஷினிக்கு எதிரே தாப்பாவிலிருந்து வந்த ஒரு பெண். அப்பாவோடு காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். மூன்றாவது செட்டின் கடைசியில் ஒரு புள்ளி எடுத்தால் தாப்பாப் பெண்ணுக்கு வெற்றி என்ற நிலை. அவளுக்கோ கணுக்கால் பிசகியிருந்தது, நொண்டிக்கொண்டு ஆடினாள். அவள் அடித்த உயரப் பந்து தர்ஷினியின் பின்கோட்டை நோக்கி இறங்கியது. தர்ஷினி பின்னால் ஓடி, திரும்பி, கையை நீட்டிப் பாய்ந்தாள். எட்டவில்லை. பந்து கோட்டின்மேல் விழுந்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி அவள் உடம்பு அந்த இடத்தை மறைத்துவிட்டது. உள்ளே என்று சொல்லி ஆட்டத்தை முடித்தேன்.

தர்ஷினி எழுந்து நின்றபோது பந்து கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. மண்டபம் கொதித்துப் போனது. “டீச்சர், கண்ணத் தொறந்து பாருங்க! பந்து எங்க கெடக்குது பாருங்க!” என்று கமலா கத்தினாள். கிடந்த இடம் வேறு, விழுந்த இடம் வேறு என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. தர்ஷினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதிர்ப்பக்கத்துக் கோட்டுக்குப் பின்னால், வலைக்கு அடிவழியாகத் தர்ஷினியை நோக்கிப் பெரிய லென்ஸைப் பிடித்தபடி அண்ணன் படுத்திருந்தார். மண்டபம் காலியாவதற்கு முன்பே படம் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. ‘என் வாழ்நாள் படம்’ என்று தலைப்புப் போட்டு அவரே அனுப்பியிருந்தார். உண்மையிலேயே அப்படிப்பட்ட படம்தான். தரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் தர்ஷினி, விரிந்த கண்கள், விரல் நுனிவரை முறுக்கேறிய கை. அவளுக்குப் பின்னால் குப்பைத் தொட்டி இல்லை, போத்தல் இல்லை, டத்தோவும் இல்லை. மட்டைக்கு அப்பால் பந்து. வெள்ளைக் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே, மறுக்கவே முடியாதபடி, ஒரு விரற்கடை பச்சை விரிப்பு.

பந்து வெளியே. படம் சொல்கிறது. நடுவர் குருடி. அந்த வாரம் முழுக்க நான் கேட்டது இதுதான். யாரோ படத்தைப் பெரிதாக்கிப் பச்சை இடைவெளிக்குச் சிவப்பு வட்டம் போட்டார்கள். கமலா அதைப் பதாகையாக அடித்து அடுக்குமாடிக் கீழ்வாசலில் கட்டினாள். என் மோட்டோவில் இரண்டு தடவை காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். கமலா கொடுத்த முறையீட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழு விசாரிப்பதாக இருந்தது. படத்தை ஏற்றுக்கொண்டால் அந்தப் புள்ளி தர்ஷினிக்கு; விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆடவேண்டும். தாப்பாப் பெண்ணின் கால் வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. இடம் யாருக்கு என்பதைச் சொல்ல ஜோசியரைக் கூப்பிட வேண்டியதில்லை.

அண்ணன் மட்டும் அந்த வாரம் கடையைத் திறக்கவில்லை. போன் எடுக்கவில்லை. பெருமையில் கிறங்கிக் கிடக்கிறார் என்று நினைத்து மனசுக்குள் அவரை நன்றாகத் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மேசை போட்டுக் குழு உட்கார்ந்தது. கமலா புதுச் சேலையில் வந்திருந்தாள், தர்ஷினி பள்ளிச் சீருடையில். அண்ணன் சோற்றுப்பானைப் பெட்டியை இடுக்கிக்கொண்டு வந்தார். கமலா அவருக்குப் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

டத்தோ படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். “இதுல தெளிவா வெளிய தெரியுது. இதுக்கு மேல என்னா வேணும்?”

“அந்தப் படம் பொய் டத்தோ” என்றார் அண்ணன்.

“நீங்க எடுத்ததுதானே?”

“நான் எடுத்ததுதான். அதனாலதான் சொல்றேன். பந்து இன்னும் தரையத் தொடல. காத்துல நிக்குது, நாலு வெரல் ஒசரத்துல. நான் தரையோட தரையா கெடக்குறேன். அங்கருந்து பாத்தா காத்துல நிக்கிற பந்து கோட்டத் தாண்டிக் கெடக்குற மாதிரிதான் தெரியும். பெரிய லென்ஸு வேற, தூரத்தையெல்லாம் நசுக்கிக் காட்டும்.”

யாருக்கும் புரியவில்லை. அண்ணன் பந்தில் நூல் கட்டி என்னிடம் கொடுத்து, பின்கோட்டுக்கு நேர்மேலே நாலு விரல் உயரத்தில் தொங்கவிடச் சொன்னார். எதிர்ப்பக்கம் போய் லென்ஸைத் தரையில் வைத்தார். “படுங்க டத்தோ” என்றார்.

“நானா?”

“ஒக்காந்துக்கிட்டுப் பாத்தா தெரியாது.”

டத்தோ முதலில் முட்டி போட்டார். பிறகு கையூன்றினார். பிறகு வயிற்றை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் சற்று யோசித்துவிட்டு, ஒருக்களித்துச் சரிந்து, ஒருவழியாகக் குப்புறப் படுத்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஓடியது. கண்ணை வைத்துப் பார்த்தவர், “பந்து வெளிய கெடக்கு” என்றார். அண்ணன், “இப்ப நடந்து போயிப் பாருங்க” என்றார். அதற்கு முதலில் எழுந்திருக்க வேண்டுமே. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். டத்தோ வலையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து குனிந்து பார்த்தார். பந்து கோட்டுக்கு நேர்மேலே அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. “அலாமாக்” என்று வாயைப் பிளந்தார்.

பிறகு செயலாளர் படுத்தார், பொருளாளர் படுத்தார். தாப்பாப் பெண்ணின் அப்பாவும் அனுமதி கேட்டுக்கொண்டு படுத்துப் பார்த்தார். பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகத் தரையில் சரிவதையும், தூக்கி நிறுத்தப்படுவதையும் பார்த்து வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று நூலைப் பிடித்தபடி பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கமலாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

செயலாளர் புத்திசாலி. “ஒங்க காமிரா டரடரன்னு வரிசையா எடுக்குமே, அடுத்த படம் எங்கண்ணே? பந்து விழுந்தது அதுல இருக்கும்ல?”

“அழிச்சிட்டேன்” என்றார் அண்ணன். “மங்கலா வந்துருச்சு.”

“அப்ப பந்து ஏன் வெளிய கெடந்துச்சு?”

“விழுந்து வழுக்கிருச்சு. ரப்பர் விரிப்புதானே.”

எனக்கு அங்கேயே உறுத்தியது. ஈ உட்கார்ந்த படத்தைக்கூட அழிக்காத மனிதர் இவர். இறகுப் பந்து ரப்பரில் ஒரு சாண் வழுக்காது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் குழுவுக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. படம் சாட்சியாகாது, நடுவர் சொன்னதே முடிவு என்று எழுதிக்கொண்டார்கள். இடம் தாப்பாவுக்குப் போனது.

கமலா எழுந்தாள். அழவில்லை, கத்தவும் இல்லை.

“எம்புள்ளைக்கு அப்பன் இல்ல. மாமன் இருக்கான்னு நெனச்சேன். இன்னையோட அதுவும் இல்ல.”

தர்ஷினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அண்ணன் நூலை அவிழ்த்து, லென்ஸைக் கைலியில் சுற்றி, பெட்டியில் வைத்து மூடினார். நான் பக்கத்தில் போய், “ஏண்ணே, பேசாம இருந்திருக்கலாம்ல” என்றேன். பேசாமல் இருந்திருந்தால் என் நடுவர் அட்டை போயிருக்கும். அதையும் மீறித்தான் கேட்டேன். “படம் அப்படித் தெரியுது தங்கச்சி. பந்து அப்படி விழலியே” என்றார். பெட்டியை இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதோடு சொந்தம் அறுந்தது. தீபாவளிக்குக் கமலா வீட்டுப் பலகாரம் வருவது நின்றது. வழியில் கண்டால் அவள் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவாள். ஊர்க்காரர்களும் அவள் பக்கம்தான். சொந்த ரத்தத்தைக் காட்டிக்கொடுத்தவனிடம் எதற்குப் படம் எடுக்க வேண்டும் என்று கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். தர்ஷினி மட்டையைத் தொடவில்லை. பள்ளி முடிந்ததும் தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

சிமெண்டு அண்ணன் மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்தார், படுத்தார், என்னோடு சண்டை போட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. காலில் ஏதோ குத்திப் புண்ணாகி, அவர் அதைக் கவனிக்காமல், கடைசியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனி வரமாட்டார் என்று நினைத்தோம். மூன்று மாதத்தில் சக்கர நாற்காலியில் வந்து வாசலில் நின்றார்.

“நல்ல ஒசரமா வந்துட்டீங்கண்ணே” என்றேன்.

“இது பாஸ்போர்ட் ஒசரம்” என்றார் எரிச்சலோடு. “எறக்கி விடு.”

நானும் துடைக்கும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் தூக்கித் தரையில் கிடத்தினோம். கனமே இல்லை. “கோட்டுக்கிட்ட நீட்டுறதுக்கு இப்ப ஒரு கால்தான் இருக்கு. ஒனக்குப் பாதிப் பிரச்சன கொறஞ்சுது” என்றார். நான் காமிராவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

பிறகு சிறுநீரகம் போனது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் இடத்துக்குப் போய்க் கிடந்தார். நான் பார்க்கப் போனபோது மேலே கைகாட்டி, “பாத்தியா, நம்ம பூப்பந்து டேவான விட இங்க லைட்டு நல்லாருக்கு. யாரும் அசையவும் மாட்டாங்க. ஆனா எடுக்குறதுக்கு ஒரு மூஞ்சி இல்ல” என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அடுத்த முறை நான் போனபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது. இந்த வருஷம் மழைக்காலத்தில் சிமெண்டு அண்ணனும் போய்விட்டார்.

அவர் வீடு நாலாவது மாடி. மின்தூக்கிக்குள் பெட்டி நுழையாது. படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டியை எப்படித் திருப்புவது என்று தூக்க வந்தவர்கள் வாசலில் நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தலையைத் தூக்கச் சொன்னார், இன்னொருவர் சாய்க்கச் சொன்னார். “அவரே இருந்தா ஆங்கிள் சொல்லியிருப்பாரு லா” என்றார் ஒருவர்.

வந்திருந்தவர்கள் குறைவு. வாய்க்கரிசி போடச் சொந்தம் யாரும் இல்லையே என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் தர்ஷினி படியேறி வந்தாள். தொழிற்சாலைச் சட்டையிலேயே வந்திருந்தாள். நேராக உள்ளே போனாள், மாமன் வாயில் அரிசி போட்டாள், வெளியே வந்து தாழ்வாரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். கீழே ஒரு பழைய காடி நின்றிருந்தது. அதற்குள் கமலா.

“அம்மா மேல வரலியா?”

“மாட்டாங்களாம். நான் அழுததுனால கூட வந்தாங்க.”

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஆண்ட்டி, அந்தப் பந்து உள்ளதான் விழுந்துச்சு. கோட்டு மேல. நான்தான் மட்டையால வெளிய தள்ளுனேன். நெனச்சு செய்யல, கை தானா போயிருச்சு. அப்புறம் அம்மா கத்துனதும் சொல்ல முடியல.”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“அடுத்த படத்துல அது இருந்துச்சு. கோடு, பந்து, என் மட்ட, எல்லாம். மறுநாள் ஸ்கூல் கேட்டுக்கிட்ட வந்து மாமா காமிராவுல காட்டுனாரு. நான் பாத்தேன். அவரும் என்னைப் பாத்தாரு. ஏன் செஞ்சேன்னு ஒரு வார்த்த கேக்கல. ‘மங்கலா இருக்குல்ல பாப்பா’ன்னாரு. படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு ஆண்ட்டி. என் கண்ணு முன்னாடியே அழிச்சிட்டுப் போயிட்டாரு.”

அந்த ஒரு படத்தை மேசையில் வைத்திருந்தால் டத்தோ வயிற்றைத் தரையில் வைத்திருக்க வேண்டியதில்லை. விசாரணை அந்த நிமிஷமே முடிந்திருக்கும். கூடவே ஏமாற்றுக்காரி என்ற பெயர் ஒரு பதினாறு வயதுப் பெண்மேல் ஒட்டியிருக்கும். தாப்பாப் பெண்ணுக்குச் சேரவேண்டியதையும் கெடுக்காமல், மருமகளின் பெயரையும் கெடுக்காமல் இருக்க அவருக்கு ஒரே வழிதான் இருந்தது. தன் வாழ்நாள் படத்தைப் பொய் என்று சொல்லி, தன் தங்கையைத் தொலைத்துவிட்டார்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.” கீழே காடியைப் பார்த்தாள். “இப்ப போயிச் சொல்றேன்.”

போனாள். மேலிருந்து பார்த்தேன். காடிக் கண்ணாடி இறங்கியது. தர்ஷினி குனிந்து பேசினாள். பிறகு கதவு திறந்தது. கமலா இறங்கினாள். ஒரு காலில் செருப்பு இல்லை, அதைத் தேடவும் இல்லை.

“நேரமாச்சுக்கா, தூக்கலாமா?” என்றார் பெட்டிக்காரர்.

“யாரும் தொடாதீங்க” என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். “அவரு தங்கச்சி மாடி ஏறி வருது.”

நாலு மாடி. கமலா மூச்சு வாங்க வந்து, யாரையும் பார்க்காமல் உள்ளே போய், பெட்டிக்குப் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்தாள். அவர் நெற்றியில் கையை வைத்து “அண்ணே” என்றாள். பெட்டி விளிம்பில் தலையைச் சாய்த்து அழுதாள். என்னையும் அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஊரில் பாதிப் பெண்களை அப்படித்தான் கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்த கமலாவைப் பார்க்க அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது.